விராலுக்கு ஒரு சாண் குடல், ஜிலேபிக்கு ஒன்றரை மீட்டர் குடல்: ஏன்?

வியாசை_வாசு | ஞாயிறு, பகல் 12:10

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவுவது என் வேலை. கடையிலேயே வெட்டி வாங்கினால் அம்மாவுக்குப் பிடிக்காது, பித்தத்தை உடைத்துவிடுவார்கள் என்று பயம். இன்று செங்குன்றம் போகிற வழியில் ஒரு சாலையோரக் கடையில் ஒரு விராலும் இரண்டு ஜிலேபியும் வாங்கி வந்தேன். மொட்டை மாடியில் பேப்பர் விரித்து வெட்டும்போது ஏழாவது படிக்கிற மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

விரால் 38 செ.மீ. இருந்தது. உள்ளே தடிமனான ஒரு பை, அதற்குக் கீழே கொஞ்சம் குடல், அவ்வளவுதான். ஜிலேபி 22 செ.மீ.தான். ஆனால் அதன் வயிற்றிலிருந்து நூல்கண்டு மாதிரி வந்துகொண்டே இருந்தது. மகள் ஸ்கேல் எடுத்து வந்து இரண்டையும் அளந்தாள். விரால் குடல் 24 செ.மீ., ஜிலேபி குடல் 1 மீட்டர் 50. "சின்ன மீனுக்கு ஏன்பா இவ்ளோ நீளம்?" என்று கேட்டாள். அது அப்படித்தான் என்றேன். அவள் பார்த்த பார்வை சரியில்லை. யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ராத்திரிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

புளியந்தோப்பு_007 | ஞாயிறு, பகல் 12:31

ஜிலேபி என்று பேர் வைத்தவன் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறான். சுற்றிச் சுற்றி அதேதான்.

கத்திக்காரன் | ஞாயிறு, பிற்பகல் 2:45

இருபது வருடமாகச் சந்தையில் மீன் வெட்டுகிறேன். காரணம் படித்தவர்கள் சொல்லட்டும், கையில் பார்த்ததை நான் சொல்கிறேன்.

விரால், வாளை, கெளுத்தி இதெல்லாம் "பை மீன்". வயிற்றைக் கீறினால் பைதான் முதலில் கையில் படும். விரால் பைக்குள் முழுக் குரவைக் குஞ்சு பார்த்திருக்கிறேன், தவளைக் கால் பார்த்திருக்கிறேன். பை காலியாக இருந்தால் சுருங்கி ரப்பர் மாதிரி இருக்கும்.

ரோகு, மிர்கால், கட்லா எல்லாம் "குடல் மீன்". இவற்றில் பை என்று ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. குடல் மடிப்புக்கு நடுவில் ஈரல் துண்டு துண்டாகச் சொருகிக்கொண்டிருக்கும், இழுத்தால் எல்லாம் சேர்ந்து வரும். அந்த மூன்றில் மிர்கால் குடலும் ரோகு குடலும்தான் ரொம்ப நீளம். கட்லாவுக்கு அவ்வளவு இல்லை.

ஜிலேபியில் வயிற்றுக்கு உள்பக்கம் கறுப்புச் சவ்வு இருக்கும். சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்ததால் கறுத்துவிட்டது என்று வாடிக்கையாளர்கள் தினமும் சண்டை போடுகிறார்கள். நல்ல தண்ணீரில் வளர்ந்த ஜிலேபிக்கும் அது கறுப்புதான்.

பெரம்பூர்_டீச்சர் | ஞாயிறு, மாலை 5:20

வாசு தம்பி, உங்கள் மகளுக்கு என் பாராட்டு. முப்பத்தோரு வருடம் விலங்கியல் நடத்தினேன். குடலை அளக்க ஸ்கேலோடு வந்த பிள்ளைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

அவள் அளந்ததை ஒரு படி மேலே கொண்டு போகலாம். குடல் நீளத்தை உடல் நீளத்தால் வகுக்கச் சொல்லுங்கள். விராலுக்கு 24ஐ 38ஆல் வகுத்தால் 0.63. ஜிலேபிக்கு 150ஐ 22ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 6.8. மீன் ஆராய்ச்சியில் இதைச் சார்புக் குடல் நீளம் என்பார்கள். பொதுவாக 1க்குக் கீழே வந்தால் ஊனுண்ணி. 1லிருந்து 3 வரை என்றால் கலந்து தின்கிற மீன். 3க்கு மேலே போனால் பாசி, செடி, சேற்று மட்கு தின்கிற மீன். சேறு தின்னும் சில மீன்களில் 15ஐயும் தாண்டும்.

காரணம் இரையில் இருக்கிறது. விரால் விழுங்குவது இன்னொரு மீனை, அதாவது கிட்டத்தட்ட தன் உடம்பு எதனால் ஆனதோ அதையே. புரதமும் கொழுப்பும் நிறைந்த இரை. இரைப்பையின் அமிலமும், புரதத்தைச் செரிக்கிற பெப்சின் என்ற நொதியும் பட்டால் கரைந்துவிடும், உறிஞ்ச அதிகத் தூரம் தேவையில்லை. ஆனால் அந்த இரை எப்போதாவதுதான் வரும், வந்தால் பெரிய உருண்டையாக வரும். அதைப் பிடித்து வைக்க இடம் வேண்டும். அந்த இடம்தான் கத்திக்காரர் சொன்ன பை. பை முடிந்து குடல் தொடங்குகிற இடத்தில் விரல் மாதிரி இரண்டு முளைகள் இருக்கும், அடுத்த விராலில் பாருங்கள். குடலை நீட்டாமலே பரப்பைக் கூட்டிக்கொள்கிற ஏற்பாடு அது.

ஜிலேபியின் கதை வேறு. பகல் முழுக்க மேய்கிறது. வாயில் போகிறதில் பாதிக்கு மேல் சத்தில்லாத சமாச்சாரம், சத்து இருப்பதும் செல்சுவருக்குள் பூட்டிக் கிடக்கிறது. மெதுவாக, நீளமாக, திரும்பத் திரும்பப் பிழிந்தால்தான் ஏதாவது தேறும்.

கறுப்புச் சவ்வைப் பற்றி: தாவரம் மேய்கிற பல மீன்களில் அந்தச் சவ்வு இயல்பாகவே கறுப்பு. அழுக்கு இல்லை. வேண்டாம் என்றால் உரித்துப் போடுங்கள், கத்திக்காரரிடம் சண்டை போடாதீர்கள்.

ரெட்டேரி_தூண்டில் | ஞாயிறு, இரவு 9:05

டீச்சர் மன்னிக்கணும், எனக்கு இது ஒத்துவரவில்லை. எட்டு வருடமாகத் தூண்டில் போடுகிறேன். ஜிலேபி மண்புழுவுக்குத்தான் ஓடி வருகிறது. மற்ற மீனின் முட்டை, குஞ்சு எல்லாவற்றையும் காலி பண்ணுகிறது. ஆறே முக்கால் மடங்கு குடல் வைத்துக்கொண்டு புழு தின்கிறது என்றால் உங்கள் கணக்கு என்ன கணக்கு?

பெரம்பூர்_டீச்சர் | திங்கள், காலை 6:40

நியாயமான கேள்வி. மன்னிப்பெல்லாம் எதற்கு.

நேற்று ராத்திரி அந்த மீன் என்ன தின்றது என்பதைக் குடல் நீளம் சொல்லாது. எதைத் தின்று பிழைக்கிற அளவுக்கு அதன் உடம்பு தயாராக இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். நீளக் குடல் உள்ள மீனுக்குப் புழு கிடைத்தால் அது பண்டிகைச் சாப்பாடு, சுலபமாகச் செரித்துவிடும். ஆனால் விராலுக்குப் பாசியை ஊட்டிப் பாருங்கள், அப்படியே வெளியே வரும். ஒருபக்கப் பாதைதான் இது. அதனால்தான் ஜிலேபியால் எந்தக் குட்டையிலும் பிழைக்க முடிகிறது. 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், இன்று அது இல்லாத குளத்தைக் காட்டுங்கள்.

நீங்கள் புழு போட்டுப் பிடிப்பதால் புழு தின்கிற ஜிலேபிதான் உங்கள் கண்ணில் படுகிறது என்பதும் உண்டு. பாசியைத் தூண்டிலில் கோத்துப் போடுகிறவர் யார்?

ரெட்டேரி_தூண்டில் | திங்கள், காலை 7:15

அது சரி.

கொளத்தூர்_தொட்டி | திங்கள், பகல் 1:30

வண்ண மீன் வளர்க்கிற குடும்பம் நாங்கள், கொளத்தூர். இந்த விஷயம் தெரியாமல் நான் தொலைத்த பணத்தில் ஒரு பைக் வாங்கியிருக்கலாம்.

கோல்டு ஃபிஷ் கெண்டைக் குடும்பம். அதற்கு இரைப்பையே கிடையாது. தொண்டை முடிந்ததும் நேரே குடல், முன்பகுதி கொஞ்சம் பருத்திருக்கும், அவ்வளவுதான். அமிலமும் இல்லை, சேமிக்க இடமும் இல்லை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் காலையில் ஒரு கைப்பிடித் தீனி கொட்டிவிட்டுக் கல்லூரிக்குப் போய்விடுவேன். போட்டதையெல்லாம் தின்று முடிக்கும், பாதியை அரைகுறையாகத் தள்ளும், சாயங்காலம் தண்ணீர் பால் மாதிரி ஆகியிருக்கும். அடுத்த நாள் பார்த்தால் மீன் மிதக்கும். தாத்தா வந்து பார்த்துவிட்டு, "பை இல்லாதவனுக்கு மூட்டை கட்டிக் குடுக்கிறியே" என்றார். இப்போது ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒரு சிட்டிகைதான். கப்பி, மோலி இவற்றுக்கும் இரைப்பை இல்லை, அதே பத்தியம்தான்.

இன்னொன்று சக்கர் மீன். "டேங்க் கிளீனர், மற்ற மீனின் கழிவைத் தின்று சுத்தம் செய்யும்" என்று சொல்லித்தான் ஊரே விற்கிறது. ஒரு தடவை செத்த சக்கரைத் திறந்து பார்த்தேன். பழைய கைக்கடிகாரச் சுருள் மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய குடல். அது கண்ணாடியில், கல்லில், மரத்துண்டில் படிகிற பாசியையும் மட்கையும் சுரண்டித் தின்கிற மீன். கழிவை அது தின்பதில்லை, நீளக் குடலால் அதுவே தொட்டி முழுக்கக் கழிவு போடும். தண்ணீரில் மூச்சு போதவில்லை என்றால் மேலே வந்து காற்றை விழுங்கி, இரைப்பைச் சுவரால் அதை உறிஞ்சிக்கொள்ளவும் செய்யும். ஒரே பையில் சோறும் மூச்சும்.

ரெட்டேரி_தூண்டில் | திங்கள், பகல் 2:02

அந்தக் கர்மம் ஏரியில் வலையைக் கிழிக்கிறது. தொட்டியில் பெரிசாகிவிட்டது என்று கொண்டுவந்து விடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து வேண்டாம்.

எண்ணூர்_அலமு | திங்கள், இரவு 8:50

நன்னீர் மீன் இல்லை, கழிமுகத்து மீன், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் பக்கம் மடவை கிடைக்கும். அதன் வயிற்றில் கோழிக்கு இருக்கிற மாதிரியே கெட்டியான சதை உருண்டை ஒன்று இருக்கும், வெட்டினால் உள்ளே நறநறவென்று மணல். சின்ன வயதில் அதைத் தனியாக எடுத்து நெருப்பில் வாட்டித் தின்போம். அது எதற்கு டீச்சர்?

பெரம்பூர்_டீச்சர் | திங்கள், இரவு 10:15

அலமு, சரியான நேரத்தில் சரியான மீன். கோழிக்கு எதற்கோ அதற்கேதான். மடவை சேற்றின் மேல்படிவை உறிஞ்சித் தின்கிறது. அதில் இருக்கிற நுண்பாசிகளை மணலோடு சேர்த்து அந்தத் தசை உருண்டை அரைக்கிறது.

தாவரம் தின்கிற எந்த மீனுக்கும் பெரிய தலைவலி ஒன்றுதான்: செல்சுவர். அதை உடைக்காமல் குடல் எவ்வளவு நீளம் இருந்தும் பயனில்லை. மடவை ஆட்டுக்கல் வைத்திருக்கிறது. ஜிலேபி அமிலம் வைத்திருக்கிறது. உகாண்டாவின் ஜார்ஜ் ஏரியில் ஜிலேபியின் நெருங்கிய உறவான நைல் திலாப்பியாவை ஆராய்ந்தபோது இரைப்பையின் பி.எச். 1.4 வரை இறங்கியது தெரிந்தது. இந்த எண் இறங்க இறங்க அமிலம் கடுமை என்று அர்த்தம். நீலப்பச்சைப் பாசியின் சுவர் அதில் தாங்காது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. விடிந்து மேயத் தொடங்கிய பிறகுதான் அமிலம் ஊறத் தொடங்கும். அதனால் காலையில் முதலில் தின்ற பாசி செரிக்காமல் பச்சையாகவே போய்விடும். முதல் பந்தி வீண், அடுத்த பந்தியிலிருந்துதான் லாபம்.

மூன்றாவது வழி கெண்டை மீன்களுடையது. அதை இப்போது சொல்ல மாட்டேன். வாசு வீட்டில் இந்த ஞாயிறு கெண்டை வாங்கினால் தலையைத் தூக்கிப் போட வேண்டாம்.

வியாசை_வாசு | ஞாயிறு, பகல் 11:50

டீச்சர் சொன்னபடி கெண்டை வாங்கினேன். கடைக்காரர் "ரோகு" என்று கொடுத்தார். தொட்டியில் உயிரோடு இருந்த மீன். வாயிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை 46 செ.மீ. இரைப்பை இல்லை. குடல் 1 மீட்டர் 8 செ.மீ. மகள் வகுத்துப் பார்த்து 2.3 என்றாள். ரோகு குடல் ரொம்ப நீளம் என்று கத்திக்காரர் சொன்னாரே? குடலுக்குள்ளும் ஒன்றும் இல்லை, கடைசியில் மட்டும் நார் மாதிரி கொஞ்சம் பச்சை. இது என்ன மீன், என்ன தின்கிறது? மகள் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறாள்.

கத்திக்காரன் | ஞாயிறு, பகல் 12:20

குடல் காலியாக இருப்பதில் ஆச்சரியமில்லை. பண்ணையில் பிடிப்பதற்கு முன்னால் தீனியை நிறுத்திவிடுவார்கள், வழியில் தண்ணீர் கெடாமல் இருக்க. அப்புறம் கடைத்தொட்டியில் ஒரு நாளோ இரண்டு நாளோ பட்டினி. உயிர் மீனை வெட்டி அது என்ன தின்றது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் 46 செ.மீ. ரோகுவுக்கு அந்தக் குடல் கிடையவே கிடையாது. ரோகுவுக்கு உதடு விளிம்பில் குஞ்சம் வைத்த மாதிரி இருக்கும். இருக்கிறதா?

வியாசை_வாசு | ஞாயிறு, பகல் 12:34

இல்லை. உதடு வழவழ. மீசையும் இல்லை. உடம்பு நீளமாக, உருண்டையாக இருக்கிறது.

ரெட்டேரி_தூண்டில் | ஞாயிறு, பகல் 12:50

2.3 என்றால் டீச்சர் கணக்குப்படி கலந்து தின்கிற மீன். சாதாக் கெண்டை என்பேன், ஆனால் அதற்கு மீசை உண்டு. மீசை இல்லையென்றால் கட்லா?

கொளத்தூர்_தொட்டி | ஞாயிறு, பகல் 1:05

கட்லாவுக்கு வாய் மேலே பார்த்திருக்கும், தலை பெரிசு. நீர்ப்பரப்பில் மிதக்கிற நுண்ணுயிரிகளை வடிகட்டித் தின்கிறது, செவுளைத் திறந்தால் உள்பக்கம் முட்கள் சல்லடை மாதிரி நெருக்கமாக இருக்கும். உங்கள் மீனில் எப்படி?

வியாசை_வாசு | ஞாயிறு, பகல் 1:12

குட்டையாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது. சல்லடை இல்லை.

பெரம்பூர்_டீச்சர் | ஞாயிறு, பகல் 1:40

நல்லது, எல்லாரும் கணக்கில் மாட்டிக்கொண்டீர்கள். இப்போது தலையைத் திறக்கலாம்.

கெண்டைகளுக்குத் தாடையில் பல்லே கிடையாது. பல் இருப்பது தொண்டையில். செவுள் வளையங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில், உணவுக்குழாய் தொடங்குகிற இடத்தில், வளைந்த எலும்பு இரண்டு பக்கமும் இருக்கும். பற்கள் அதன் மேல். விரல் ஜாக்கிரதை. குழம்பில் போட்டு வெந்த பிறகு எடுத்தால் இன்னும் சுலபம், எலும்பு தானாகக் கழன்று வரும்.

வியாசை_வாசு | ஞாயிறு, பிற்பகல் 3:55

குழம்பிலிருந்து எடுத்துப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் கழுவினோம். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு எலும்பு, ஒவ்வொன்றிலும் வரிசையாகப் பல். பல் ஒவ்வொன்றும் பக்கவாட்டில் வெட்டு வெட்டாக, ரம்பம் மாதிரி. மகள் "சீப்புக்குள்ள சீப்பு" என்கிறாள்.

கத்திக்காரன் | ஞாயிறு, பிற்பகல் 4:03

புல் கெண்டை. ரோகு விலையில் வாங்கியிருந்தால் அடுத்த தடவை கடை மாற்றுங்கள்.

பெரம்பூர்_டீச்சர் | ஞாயிறு, மாலை 5:30

அதேதான். சீனாவின் ஆறுகளில் வாழ்கிற மீன், 1959ல் இந்தியக் குளங்களுக்கு வந்தது. அந்த ரம்பப் பல்லைக் கபாலத்தின் அடியில் இருக்கிற கெட்டியான திண்டோடு உரசிப் புல்லையும் நீர்ச்செடியையும் கிழித்து அரைக்கும். மூன்றாவது வழி என்றேனே, அது இதுதான். சாதாக் கெண்டையின் தொண்டையில் இதே இடத்தில் நம் கடைவாய்ப்பல் மாதிரி தட்டையாக இருக்கும், நத்தை ஓடு நொறுங்கும். ஒரே குடும்பம், பல்லைப் பார்த்தால் தொழில் தெரிந்துவிடும்.

இனி ரெட்டேரித் தம்பி கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். சுத்தச் சைவ மீனுக்கு ஏன் 2.3? ஏனென்றால் புல் கெண்டை பொறுமையாகப் பிழிகிற மீன் இல்லை. அள்ளி அள்ளித் தின்று சீக்கிரம் வெளியே தள்ளுகிற மீன். இளம் மீன் வெயில் நாளில் தன் எடை அளவுக்கே புல் தின்றுவிடும், அதில் ஏறக்குறைய பாதி செரிக்காமலே போகும். ஜிலேபி கஞ்சன், புல் கெண்டை ஊதாரி. குளத்துக்கு அந்த ஊதாரித்தனத்தால் லாபம்: அது தள்ளுகிற பச்சைக் கூழில் நுண்ணுயிர் பெருகும், அதை மற்றக் கெண்டைகள் தின்னும். ஒரே குளத்தில் பல வகை மீன்களைச் சேர்த்து வளர்க்கிற கூட்டுமீன் வளர்ப்பில் இதைச் சேர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே நான் முதல் நாள் கொடுத்த 1, 3 கணக்கைச் சட்டமாக எடுக்க வேண்டாம். அதை மட்டும் வைத்திருந்தால் இன்று தவறாகத்தான் எழுதியிருப்போம். வாய், செவுள் முள், தொண்டைப் பல், பை, குடல் எல்லாம் சேர்ந்துதான் பதில்.

புளியந்தோப்பு_007 | ஞாயிறு, மாலை 6:10

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் கெண்டை மீனின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கினால் சர்க்கரை குறையும் என்கிறார். அதற்கும் குடலில் ஏதாவது காரணம் இருக்கிறதா டீச்சர்?

பெரம்பூர்_டீச்சர் | ஞாயிறு, மாலை 6:18

விளையாட்டாகக்கூட வேண்டாம். ரோகு, புல் கெண்டை போன்றவற்றின் பித்தத்தில் சிப்ரினால் என்ற நச்சு இருக்கிறது. அதை விழுங்கிச் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனையில் கிடந்தவர்கள் இந்தியாவிலேயே நிறைய. சமைத்தாலும் அந்த நச்சு போகாது. பெரியவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

வியாசை_வாசு | ஞாயிறு, இரவு 8:40

மகளின் அடுத்த கேள்வி: குஞ்சு மீனுக்கும் இதே நீளக் குடலா?

பெரம்பூர்_டீச்சர் | ஞாயிறு, இரவு 9:00

இல்லை கண்ணு. ரோகுக் குஞ்சு முதலில் தின்பது நீரில் மிதக்கிற நுண்விலங்குகளைத்தான், அப்போது அதன் குடல் நேராக, குட்டையாக இருக்கும். வளர வளரச் சாப்பாடு மாறும், குடலும் நீண்டு மடிந்துகொண்டே போகும். எல்லாரும் குழந்தையில் அசைவம்.

கொளத்தூர்_தொட்டி | ஞாயிறு, இரவு 9:22

செத்த கோல்டு ஃபிஷ் குஞ்சு எங்களிடம் தினமும் இருக்கும், சும்மாவே தருகிறேன். லென்ஸ் மட்டும் கொண்டு வாருங்கள்.

கத்திக்காரன் | ஞாயிறு, இரவு 9:48

ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை மூன்றின் தலையும் எடுத்து வைக்கிறேன், பல் பார்க்கட்டும். ஆனால் அடுத்த ஞாயிறு காலை 6 மணிக்கே வந்துவிடுங்கள். 8 மணிக்கு மேல் தலை இருக்காது, குழம்புக்கு வாங்க வரிசையில் ஆள் நிற்கும்.